நேச எண்கள்: ஸாபித் இப்னு குர்ரா முதல் பாக்கிர் யஸ்தி வரை

9,363,584 என்ற எண்ணை முதற்பார்வையில் எவரும் ஒரு கணக்கேட்டின் கடைசி மீதியாகவோ, ஒரு சிறிய நாட்டின் சனத்தொகையாகவோதான் எண்ணிக்கொள்வர். அதில் விசேடமாக ஒன்றும் தென்படாது. ஆனால் இவ்வெண்ணுக்கு ஒரு தோழன் உண்டு. அத்தோழன் 9,437,056. முதலாவது எண்ணை மீதியின்றி வகுக்கக்கூடிய எண்கள், அவ்வெண் நீங்கலாக, முப்பத்தொன்று. அவை முப்பத்தொன்றையும் கூட்டினால் சரியாக 9,437,056 வரும். இரண்டாவது எண்ணை அவ்வாறு வகுக்கக்கூடியவை பதினைந்து. அவற்றைக் கூட்டினால் 9,363,584 வரும். ஒன்றின் பாகங்களைச் சேர்த்தால் மற்றது. மற்றதன் பாகங்களைச் சேர்த்தால் இது.

அறபு மொழியில் இத்தகைய எண்களுக்கு ‘அல் அஃதாதுல் முதஹாப்பா’ என்று பெயர். மத்ரஸாவில் ஸர்பு படித்தவர்களுக்கு அச்சொல்லின் அழகு உடனே விளங்கும். ‘ஹுப்பு’ என்ற வேரிலிருந்து ‘தஃபாஉல்’ என்ற அமைப்பில் பிறந்த சொல் அது. ஒருதலையான நேசத்தையல்ல, இருவர் ஒருவரையொருவர் நேசிப்பதையே அந்த அமைப்பு குறிக்கும். தமிழில் ‘நட்பெண்கள்’ என்றும் சிலர் எழுதுவர். மூலச் சொல்லின் சாயல் இருக்கட்டும் என்பதற்காக நான் இங்கு ‘நேச எண்கள்’ என்றே குறிப்பிடுகிறேன்.

இவற்றுள் மிகச் சிறிய சோடி 220, 284. அதனைக் கண்டவர்கள் கிரேக்கர். 220ஐ வகுப்பவை 1, 2, 4, 5, 10, 11, 20, 22, 44, 55, 110. கூட்டினால் 284. 284ஐ வகுப்பவை 1, 2, 4, 71, 142. கூட்டினால் 220. நண்பன் என்பவன் யார் என்று கேட்கப்பட்டபோது பைதகரஸ் இவ்விரு எண்களையும் உதாரணமாகக் காட்டினார் என்று நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த இயாம்ப்ளிக்கஸ் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் கிரேக்கரிடம் இருந்தது இந்த ஒரேயொரு சோடிதான். இப்படி இன்னும் எண்கள் உண்டா, உண்டாயின் எவ்வாறு தேடுவது என்பதற்கு அவர்களிடம் வழி இருக்கவில்லை. தன் பாகங்களின் கூட்டுத்தொகைக்குத் தானே சமனாகும் நிறைவெண்களுக்கு (6, 28 போன்றவை) யூக்கிளிட் தமது ஒன்பதாம் நூலின் கடைசியில் ஓர் அழகான விதியைத் தந்துவிட்டார். நேச எண்களை அவர் தொடவேயில்லை. நிக்கோமாக்கஸும் தொடவில்லை.

இந்த இடைவெளியைக் கவனித்தவர் ஸாபித் இப்னு குர்ரா. ஒன்பதாம் நூற்றாண்டில் ஹர்ரானில் பிறந்தவர். நாணய மாற்று வியாபாரம் செய்துகொண்டிருந்தவரை, பைசாந்தியப் பிரதேசத்திலிருந்து நூல்களுடன் திரும்பிக்கொண்டிருந்த முஹம்மத் இப்னு மூஸா இப்னு ஷாகிர் சந்தித்து, அவரது மொழிப் புலமையைக் கண்டு பக்தாதுக்கு அழைத்துச் சென்றார். ஸுர்யானி அவரது தாய்மொழி. கிரேக்கமும் அறபும் கைவந்திருந்தன. இஸ்ஹாக் இப்னு ஹுனைன் செய்த யூக்கிளிடின் மொழிபெயர்ப்பைத் திருத்தியவரும், நிக்கோமாக்கஸின் எண் நூலை அறபுக்குக் கொண்டு வந்தவரும் இவரே. எனவே முன்னோர் எதைச் செய்தார்கள், எதைச் செய்யாமல் விட்டார்கள் என்பது வரிக்கு வரி அவருக்குத் தெரிந்திருந்தது. மொழிபெயர்ப்பாளனுக்கு மட்டுமே கிடைக்கும் அறிவு அது.

இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ‘முஸ்லிம் விஞ்ஞானிகள்’ என்று தலைப்பிட்டு எமது சஞ்சிகைகளில் வரும் பட்டியல்களில் ஸாபித்தின் பெயர் தவறாமல் இடம்பெறுகிறது. ஆனால் அவர் முஸ்லிம் அல்லர். ஹர்ரானின் ஸாபிஈ சமயத்தவர். இறுதிவரை அச்சமயத்திலேயே இருந்து 901இல் (ஹிஜ்ரி 288) பக்தாதில் காலமானார். இதனை மறைப்பதால் எமக்கு ஒரு பெருமையும் கூடப் போவதில்லை. சொல்வதால் குறைந்துவிடப் போவதுமில்லை. அப்பாஸிய கலீபா முஃததித் அவரைத் தம் நெருங்கிய தோழராக வைத்திருந்தார். ஒருநாள் இருவரும் தோட்டத்தில் உலாவிக்கொண்டிருந்தபோது கலீபா தம் கையை ஸாபித்தின் கை மேல் ஊன்றியிருந்தார் என்றும், திடீரென உதறி எடுத்தார் என்றும், ஸாபித் அஞ்சி நின்றபோது, கற்றவர்களின் கை மேலே இருக்க வேண்டும், மறந்து என் கையை மேலே வைத்துவிட்டேன் என்று விளக்கம் சொன்னார் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். கலீபாவின் சமயத்தைச் சேராத ஓர் அறிஞருக்கு ஒரு கலீபா காட்டிய மரியாதை அது. இஸ்லாமிய நாகரிகத்தின் சாதனை என்று எதையாவது எடுத்துக் காட்டுவதாயின், ஸாபித்தை முஸ்லிமாக்குவதைவிட இச்சம்பவத்தைக் காட்டுவது மேல்.

ஸாபித் கண்ட விதியைப் பொதுவாக ‘நேச எண்களுக்கு ஒரு சூத்திரம் கண்டார்’ என்று ஒரு வரியில் எழுதிக் கடந்து விடுவர். அவ்விதி சாதாரண தர மாணவனும் செய்து பார்க்கக்கூடியது. கடுதாசியும் பேனையும் போதும்.

மூன்றிலிருந்து தொடங்கி இரட்டித்துக்கொண்டே செல்க: 3, 6, 12, 24, 48, 96, 192, 384. இதில் அடுத்தடுத்து வரும் இரண்டை எடுத்துக்கொள்க. உதாரணமாக 6, 12. ஒவ்வொன்றிலும் ஒன்றைக் குறைத்தால் 5, 11. பின்னர் அவ்விரண்டையும் தம்முள் பெருக்கி ஒன்றைக் குறைத்தால், 6 தர 12 எழுபத்திரண்டு, அதில் ஒன்று குறைய 71. இப்போது கிடைத்த 5, 11, 71 ஆகிய மூன்றும் முதன்மை எண்களா என்று பார்க்க வேண்டும். ஆம். அப்படியாயின், எடுத்த இரண்டில் பெரியதான 12ஐ மூன்றால் வகுத்து வரும் 4ஐக் கொண்டு பெருக்குக. 4 தர 5 தர 11 இருநூற்றிருபது. 4 தர 71 இருநூற்றெண்பத்து நான்கு. பைதகரஸின் சோடி வந்துவிட்டது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. ஒரு முதன்மை எண்ணுக்கு ஒன்றும் தானும் தவிர வேறு காரணி கிடையாது. ஆகவே அதன் எல்லாக் காரணிகளின் கூட்டு எப்போதும் அதைவிட ஒன்று அதிகம். 5க்கு 6, 11க்கு 12, 71க்கு 72. 6 தர 12 உம் 72 தானே? ஆகவே 5 தர 11 இன் காரணிகளைக் கூட்டினாலும் 71 இன் காரணிகளைக் கூட்டினாலும் ஒரே விடைதான் வரும். இரு எண்களின் காரணிகளின் மொத்தமும் இவ்வாறு சமனாகிவிடுகிறது. அந்த மொத்தம் இரு எண்களையும் சேர்த்த தொகைக்கும் சமனாக வேண்டும் என்பதே எஞ்சியுள்ள நிபந்தனை. மூன்றையும் இரட்டித்தலையும் ஸாபித் தேர்ந்தெடுத்தது அதற்காகத்தான். கவிதையில் ஒரு சீர் பொருந்தி உட்காருவது போல இது பொருந்தி உட்காருகிறது.

விதி எல்லா இடத்திலும் பலிப்பதில்லை. 12, 24 என்று எடுத்தால் 11, 23 இரண்டும் முதன்மை எண்கள்தாம். ஆனால் 288இல் ஒன்று குறைந்த 287, 7 தர 41 ஆகிவிடுகிறது. 24, 48 என்று எடுத்தால் 23, 47, 1151. மூன்றும் முதன்மை எண்கள். 48ஐ மூன்றால் வகுக்க 16. எனவே 16 தர 23 தர 47, 17,296. 16 தர 1151, 18,416. இது இரண்டாவது சோடி. ஸாபித் தமது நூலில் தேற்றத்தை நிறுவுவதிலேயே கவனம் செலுத்தினார். ஆயினும் இந்த இரண்டாவது சோடியையும் அவர் அறிந்தேயிருக்க வேண்டும் என்று ஒல்லாந்துக் கணித வரலாற்றாசிரியர் யான் ஹோகன்டைக் 1985இல் வாதிட்டிருக்கிறார்.

அதன்பின் 48, 96 உம் 96, 192 உம் உதவா. 95 என்பது 5 தர 19 என்பதால் இரண்டும் அங்கேயே தடைப்படுகின்றன. அடுத்தது 192, 384. அங்கே 191, 383 இரண்டும் முதன்மை எண்கள். மூன்றாவது 73,727.

இந்த 73,727 முதன்மை எண்தானா என்று எப்படி அறிவது? அதன் வர்க்கமூலம் 271ஐச் சற்றே தாண்டுகிறது. எனவே 271 வரையுள்ள ஒவ்வொரு முதன்மை எண்ணாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். 2, 3, 5 ஆகியவற்றைப் பார்த்த மாத்திரத்தில் தள்ளிவிடலாம். பின்னர் 7இல் தொடங்கி 271 வரை ஐம்பத்தைந்து வகுத்தல்கள். 7ஆல் வகுத்தால் மீதி 3. கடைசியாக 271ஆல் வகுத்தால் மீதி 15. நடுவிலும் எங்கும் மீதி பூச்சியமாவதில்லை. கல்குலேட்டர் இல்லாத காலத்தில், எழுத்தாணியும் மையுமாக ஒருவர் இதனைச் செய்திருக்கிறார். அவர் முஹம்மத் பாக்கிர் யஸ்தி. ஸபவிகளின் ஆட்சிக் கால ஈரானில், பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், யஸ்த் நகரின் பெயரைத் தாங்கி வாழ்ந்தவர். ‘உயூனுல் ஹிஸாப்’ என்ற அவரது கணித நூல் அறிஞரிடையே பேசப்படுகிறது. 384ஐ மூன்றால் வகுக்க 128. 128 தர 191 தர 383, 9,363,584. 128 தர 73,727, 9,437,056.

வாசகர் சரிபார்க்க விரும்பினால் பெரிய எண்ணில் தொடங்குவது இலகு. அதன் பதினைந்து பாகங்களில் எட்டு, 1 முதல் 128 வரை இரட்டித்துச் செல்பவை; கூட்டு 255. மற்றைய ஏழும் 73,727 ஐ 1, 2, 4, 8, 16, 32, 64 ஆகியவற்றால் பெருக்கி வருபவை; அதாவது 73,727 தர 127, 9,363,329. அத்துடன் 255ஐச் சேர்த்தால் 9,363,584.

இனி இக்கட்டுரையின் நோக்கத்துக்கு வருகிறேன். ஐரோப்பியக் கணித நூல்களில் 17,296, 18,416 என்ற சோடி நீண்ட காலமாகப் பேர்மாவின் பெயரில் வழங்கி வந்தது. 1636இல் அவர் அதனைக் கண்டு மெர்சென் என்ற பாதிரியாருக்கு எழுதினார். 9,363,584, 9,437,056 என்ற சோடி டெக்கார்ட்டின் பெயரில் வழங்கி வந்தது. 1638இல் அவரும் அதே மெர்செனுக்குத்தான் எழுதினார். இருவரும் வந்தடைந்த விதி, ஸாபித் ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் நிறுவிய அதே விதி. ஸாபித்தின் நூல் ஐரோப்பியர் கண்ணில் பட்டது 1852இல்தான். வொப்கே என்ற ஜேர்மானிய அறிஞர் அதனைப் பிரெஞ்சு மொழியில் அறிமுகப்படுத்தினார்.

இந்த இடத்தில் எம்மவர் சிலர் ‘திருடிவிட்டார்கள்’ என்று எழுதத் தொடங்குவர். அவ்வாறு எழுதுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பேர்மாவோ டெக்கார்ட்டோ ஸாபித்தைப் படித்தார்கள் என்பதற்குச் சான்றில்லை. அவர்கள் தாமாகவே கண்டார்கள். யஸ்தியும் டெக்கார்ட்டும் ஏறக்குறைய ஒரே காலத்தவர்கள். ஒருவர் ஈரானில், மற்றவர் ஒல்லாந்தில். ஓரிரு ஆண்டுகள் முந்தியவர் யார் என்று மல்லுக்கட்டுவதில் எனக்கு ஆர்வமில்லை. அதைவிடக் கனமான கேள்வி ஒன்று உண்டு. டெக்கார்ட் அவ்விதியைத் தாமே தேடிக் கண்டுபிடித்து உடனே இதனை எட்டினார். யஸ்திக்கோ அவ்விதி எழுநூறு ஆண்டுகளாக வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஸாபித்துக்கும் யஸ்திக்கும் இடையில் அந்த ஐம்பத்தைந்து வகுத்தல்களையும் செய்ய ஏன் யாரும் முன்வரவில்லை?

‘பக்தாத் 1258இல் வீழ்ந்தது, அத்துடன் அறிவும் வீழ்ந்தது’ என்பது இக்கேள்விக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் பதில். மேடைப் பேச்சுக்கு அது வசதியானது. நேச எண்களின் வரலாறு அதற்கு இடம் தருவதில்லை. இரண்டாவது சோடியை எழுத்தில் தந்த இருவருமே பக்தாதின் வீழ்ச்சிக்குப் பின்னர் எழுதியவர்கள். மொரோக்கோவின் மர்ராகிஷைச் சேர்ந்த இப்னுல் பன்னா 1256இல் பிறந்து 1321இல் மரணித்தவர். அவரது ‘தல்கீஸ்’ என்ற கணித நூல் மக்ரிப் நாடுகளில் பல தலைமுறைகளுக்குப் பாடநூலாக இருந்தது. மற்றவர் பாரசீகத்தைச் சேர்ந்த கமாலுத்தீன் அல் பாரிஸி. பிறந்தது 1267, பக்தாத் வீழ்ந்து ஒன்பது ஆண்டுகளின் பின். மங்கோலிய இல்கான்கள் ஆண்ட மண்ணில், குத்புத்தீன் ஷீராஸியின் மாணவராக வளர்ந்தவர்.

அல் பாரிஸியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். இப்னுல் ஹைதமின் ‘கிதாபுல் மனாழிர்’ நூலுக்கு அவர் எழுதிய ‘தன்கீஹுல் மனாழிர்’ என்ற விரிவுரையில்தான் வானவில் எவ்வாறு தோன்றுகிறது என்பதற்கான சரியான விளக்கம் இருக்கிறது. நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளம் ஒன்றை மழைத்துளியாகப் பாவித்து, ஒளி உள்ளே முறிந்து, தெறித்து, மீண்டும் முறிந்து வெளியேறுவதை அவர் சோதித்தார். அதே காலத்தில் ஜேர்மனியில் தியோடொரிக் என்ற துறவியும் இவரை அறியாமலேயே இதே விளக்கத்தை எட்டினார். நேச எண்களில் பின்னர் நடந்ததும் இதுவேதான்.

நேச எண்களைப் பற்றி அல் பாரிஸி எழுதிய நூலின் பெயர் ‘தத்கிரத்துல் அஹ்பாப் பீ பயானித் தஹாப்’. நேசர்களுக்கு, நேசத்தை விளக்கும் நினைவுரை. ஒரு கணித நூலுக்கு இவ்வளவு கனிவான பெயரை நான் வேறெங்கும் கண்டதில்லை. தலைப்பைப் பார்த்து இது ஏதோ தஸவ்வுப் நூல் என்று நினைக்கக்கூடும். உள்ளே இருப்பது கறாரான கணிதம். ஸாபித்தின் தேற்றத்துக்குப் புதிய நிறுவல் ஒன்றைத் தருவது அவரது நோக்கம். அதற்காக அவர் எடுத்துக்கொண்ட பாதைதான் முக்கியமானது. ஓர் எண்ணின் பாகங்களைக் கூட்டுவதாயின், முதலில் அவை எவை, எத்தனை என்று ஒன்றும் விடுபடாமல் அறிய வேண்டும். அதற்கு அவ்வெண் எந்த முதன்மை எண்களால் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிய வேண்டும். ஆகவே ஒவ்வொரு சேர்த்தி எண்ணையும் முதன்மை எண்களின் பெருக்கமாகப் பிரிக்க முடியும் என்பதை அவர் முதலில் நிறுவுகிறார். பின்னர் அம்முதன்மைக் காரணிகளை இரண்டிரண்டாக, மூன்று மூன்றாகச் சேர்த்தால் எத்தனை பாகங்கள் வரும் என்பதைக் கணக்கிடுகிறார். இன்று பாடசாலையில் ‘சேர்மானம்’ என்று படிக்கிறோமே, அதேதான். யூக்கிளிடின் வழியில் கோடுகளாக நின்ற எண்கள் அல் பாரிஸியின் கையில் காரணிகளாகப் பிரிந்து தனியே நடக்கத் தொடங்கின. 1980களில் ருஷ்தி ராஷித் என்ற எகிப்தியரான கணித வரலாற்று அறிஞர் இந்நூலை ஆராய்ந்து வெளியிட்ட பின்னர்தான் உலகம் இதை அறிந்தது. ஆறரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கையெழுத்துப் பிரதிகளில் அது உறங்கிக் கிடந்தது. பேர்மா அதைத் திருடவில்லை. நாமும் அதைப் படிக்கவில்லை.

இடைப்பட்ட காலத்தில் இவ்வெண்களைத் தொட்ட இன்னொருவரையும் குறிப்பிட வேண்டும். ‘அல் பர்க் பைனல் பிரக்’ என்ற நூலால் எமது ஆலிம்கள் நன்கறிந்த அஷ்அரி இமாம் அப்துல் காஹிர் அல் பக்தாதி (மரணம் 1037) ‘அத்தக்மிலா’ என்று ஒரு கணித நூலும் எழுதியிருக்கிறார் என்பதைப் பலர் அறியார். நேச எண்களோடு, பாகங்களின் கூட்டு ஒன்றாக வரும் எண்களையும் அவர் ஆராய்ந்தார். எடுத்துக்காட்டாக 159, 559, 703 மூன்றினதும் பாகங்களைக் கூட்டினால் 57தான் வரும். பிரிவுகளையும் கொள்கைகளையும் வகுத்துத் தந்த அதே கை எண்களையும் வகுத்துப் பார்த்தது. மார்க்க அறிவு ஒரு பக்கம், உலக அறிவு மறுபக்கம் என்று இன்று நாம் கட்டி வைத்திருக்கும் சுவர் அவருக்கு இருக்கவில்லை.

எல்லோரும் நிறுவலின் வழியே போனார்கள் என்று சொல்ல முடியாது. இதற்கு மற்றொரு பாதையும் இருந்தது. நேசம் என்று பெயர் இருந்தால் நேசத்தை உண்டாக்கும் என்று நம்புவதற்கு மனிதனுக்கு அதிக நேரம் எடுக்காது. மஸ்லமா அல் மஜ்ரீதியின் பெயரில் வழங்கி வந்த, ஆனால் அவருடையதல்ல என்று இன்று கருதப்படும் ‘காயதுல் ஹக்கீம்’ என்ற நூல், 220ஐ ஒருவருக்கு உண்ணக் கொடுத்து 284ஐத் தான் உண்டால் அவர் மனம் தன்பால் திரும்பும் என்று சொல்கிறது. இப்னு கல்தூன் தமது முகத்திமாவில் இவ்விரு எண்களையும் தல்சமாத் பற்றிய பகுதியில் குறிப்பிடுகிறார். தல்சம் செய்வோர் இவற்றால் காதலரும் நண்பரும் சேர்வதாகக் கூறுகின்றனர் என்று எழுதும் அவர், ஷரீஅத் சூனியத்தையும் தல்சமையும் ஒரே வகையாகக் கொண்டு தடுத்திருப்பதையும் அங்கே பதிவு செய்கிறார். இதிலொரு வேடிக்கை உண்டு. இப்னு கல்தூனின் ஆசான் அல் ஆபிலீ. அல் ஆபிலீயின் ஆசான், 17,296 இன் நண்பனைத் தந்த அதே இப்னுல் பன்னா. முகத்திமாவின் கணிதப் பகுதியில் இப்னுல் பன்னாவின் நூல்கள் போற்றப்படுகின்றன. ஆனால் 220உம் 284உம் இடம்பெறுவது தல்சமாத்துடன்.

இது தூரத்துச் சங்கதி அல்ல. பீங்கானில் எழுதிக் கரைத்துக் குடிப்பதும், கட்டங்களுக்குள் எண்களை நிரப்பி இஸ்முக் கூட்டில் அடைத்துக் கட்டுவதும் எமது கிராமங்களில் எமது மூத்தம்மாமார் காலம் வரை சாதாரணமாக இருந்தவைதாம். கடிதத் தலைப்பிலும் கடைப் பலகையிலும் 786 என்று எழுதும் வழக்கத்தின் வேரும் அப்ஜத் கணக்கில் உள்ளது. 786ஐ நேச எண்களின் கண்ணால் பார்த்தால் என்ன? அதன் பாகங்கள் 1, 2, 3, 6, 131, 262, 393. கூட்டினால் 798. ஆனால் 798 இன் பாகங்களைக் கூட்டினால் 1,122. அது 786க்குத் திரும்பி வருவதில்லை. பஸ்மலாவின் மதிப்பு எண்களின் குணத்தில் இல்லை என்பதை இதற்காகக் கணக்குப் போட்டுத்தான் அறிய வேண்டும் என்பதில்லை.

யஸ்தியிடம் திரும்புவோம். அவர் மூன்றாவது சோடியைக் கண்டதை நாம் கொண்டாடலாம். ஆனால் அவர் கண்டது ஸாபித்தின் விதிக்குள் ஏற்கெனவே இருந்த ஒன்றைத்தான். விதியைத் தாண்டிச் செல்வது வேறு விடயம். அதைச் செய்தவர் ஒய்லர். 1747இல் முப்பது சோடிகள் அடங்கிய ஒரு பட்டியலை அவர் வெளியிட்டார். முதல் மூன்றும் பழையவை, ஏனையவை புதியவை. பின்னர் அதனை அறுபது வரை பெருக்கினார். ஸாபித்தின் பாதையிலேயே சென்று, ‘மூன்றும் இரட்டித்தலும்தானா, வேறு வடிவம் கூடாதா’ என்று கேட்டதால்தான் அவருக்கு அது வாய்த்தது. அக்கேள்வியைக் கேட்பதற்குத் தேவையான கருவி, அதாவது எண்ணைக் காரணிகளாகப் பிரித்துக் கையாளும் முறை, அல் பாரிஸியின் நூலில் தயாராகவே இருந்தது. அந்நூலை எடுத்து அடுத்த அடியை வைக்க ஒரு மாணவர் இருக்கவில்லை. நூல்கள் எரிந்தன, கலாசாலைகள் இடிந்தன என்று நாம் புலம்புவதுண்டு. இங்கே நூல் எரியவில்லை. படித்துத் தொடர்வதற்கு ஆள் இல்லாமற் போனது. எமது இழப்புகளில் அதிகம் எழுதப்படாதது இந்த வகைதான் என்பது என் அபிப்பிராயம்.

ஒய்லரின் பெரும் பட்டியலிலும் ஒரு குறை இருந்தது. 1866இல் நிக்கோலோ பகனினி என்ற பதினாறு வயது இத்தாலிய மாணவன் 1,184, 1,210 என்ற சோடியைக் கண்டான். 220, 284க்கு அடுத்த மிகச் சிறிய சோடி அது. ஸாபித், அல் பாரிஸி, யஸ்தி, பேர்மா, டெக்கார்ட், ஒய்லர் என்று ஆயிரம் ஆண்டுகளாக இத்தனை பேரும் அதைக் கடந்து போயிருந்தனர். அது ஸாபித்தின் விதிக்குள் அடங்காதது. 1,184 இன் பாகங்களைக் கூட்டிப் பார்க்கும் பொறுமை மட்டும் யாருக்காவது இருந்திருந்தால் கிடைத்திருக்கும்.

மூன்றின் இரட்டிப்பில் ஒன்று குறைந்த 5, 11, 23, 47, 95, 191, 383 போன்ற எண்களை இன்றைய கணிதவியலாளர் ‘ஸாபித் எண்கள்’ என்றே அழைக்கின்றனர். ஆகவே பெயர் முற்றாக அழிந்துபோகவில்லை. ஸாபித்தின் விதியிலிருந்து நான்காவது ஒரு சோடி கிடைக்குமா என்று கணினிகள் மிக நெடுந்தூரம் தேடிவிட்டன. இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த வரிசையில் யஸ்தியின் சோடிதான் கடைசி. வேறு வழிகளில் கண்டறியப்பட்ட நேச எண் சோடிகளோ இப்போது நூறு கோடியைத் தாண்டிவிட்டன. அவற்றில் ஒன்று ஒற்றையாகவும் மற்றது இரட்டையாகவும் உள்ள ஒரு சோடி கூட இல்லை. 12,285, 14,595 போல இரண்டும் ஒற்றை, அல்லது யஸ்தியினது போல இரண்டும் இரட்டை. கலந்த சோடி இருக்கவே முடியாது என்பதை எவரும் நிறுவவில்லை. நேச எண்களுக்கு முடிவே இல்லை என்பதையும் எவரும் நிறுவவில்லை.